சிவப்பு நூல் கட்டிய ஸ்கேல்

நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருக்கிறது. டம்ளரின் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டதைத் தவறாக நினைக்க வேண்டாம். பத்தொன்பது வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவனுக்கு விளிம்பைப் பார்க்காமல் எதையும் வாயில் வைக்க வராது. உங்கள் டம்ளரில் யாருடைய உதட்டுச் சாயமோ இளம் ரோஜா நிறத்தில் ஒரு கீற்று இருந்தது. கழுவுகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அவள் அழகு நிலையத்தில் வேலை பார்த்தாள். ஆய்வுக்காக அங்கே போனபோதுதான் முதலில் பார்த்தேன். சீப்புகளை வெந்நீரில் போடுகிறார்களா, துண்டுகளை மாற்றுகிறார்களா என்று பார்க்கப் போயிருந்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "எல்லாம் பாருங்க சார். ஆனா முதல்ல உங்க நகத்தைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். "பாஸ்" என்று சொல்லிச் சிரித்தாள். ஆறு மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

என் வேலைக்கு ஓர் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் உண்டு. அழுக்கைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேலை வைக்க வேண்டும், அப்போதுதான் அளவு தெரியும். கரப்பான் என்று எழுதினால் போதாது, எத்தனை அங்குலக் கரப்பான் என்று தெரிய வேண்டும். அந்த ஸ்கேலை நான் போகிற இடமெல்லாம் வைத்துவிட்டு வந்துவிடுவேன். மூன்றாவது முறை தொலைத்துவிட்டு வந்தபோது, அதன் நுனித் துளையில் அவள் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டாள். "எனக்கு மூணு முடிச்சு போட்டீங்க இல்ல, இதுக்கு நான் போடறேன். இனிமே இதுவும் வீட்டை விட்டுப் போகாது" என்றாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு. நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது வருடம் அவள் கைபேசியில் ஒரு குழுவில் சேர்ந்தாள். பல நாட்டு ஊர்களில் இருந்து முப்பத்தெட்டுப் பேர். ஒரு நாளைக்கு ஒரு படம், தன் தெருவில் அன்று கண்ணில் பட்டது, கீழே ஒரு வரி. சுற்றுலா இடங்கள் கூடாது, ஒப்பனை கூடாது. எந்த மொழியில் எழுதினாலும் கைபேசியே மாற்றிக் காட்டிவிடும். சவரக்கடை நாற்காலியில் தூங்கும் பூனை. ஒரே மழைக்கோட்டுக்குள் நடக்கும் இரண்டு பிள்ளைகள். டிராமில் வாயைத் திறந்தபடி தூங்கும் கிழவர். இதையெல்லாம் பார்த்து அவள் தினமும் வியந்துபோவாள்.

"என்னங்க, இங்க பாருங்க. அந்த ஊர்லயும் கொடியில துணி காயப்போடுறாங்க."

"துணியைப் பின்னே எங்கே காயப்போடுவார்கள்" என்பேன்.

"இன்ஸ்பெக்டருக்கு ரசனையே இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவாள்.

எனக்கு ரசனை இல்லை என்பது சரியல்ல. அவள் பார்க்காததை நான் பார்த்தேன், அவ்வளவுதான். அந்தப் பூனை படுத்திருந்த நாற்காலியின் கைப்பிடியில் எண்ணெய் கறுப்பாக ஏறியிருந்தது. கிழவரின் கடைவாயில் எச்சில் இறங்கிக்கொண்டிருந்தது.

குழுவில் பனி பெய்யும் ஊர் ஒன்றில் இருந்து ஒரு ரொட்டிக்கடைக்காரி இருந்தாள். என் மனைவியின் வயதுதான், தனியாகக் கடை நடத்துகிறாள். இரண்டு பேரும் நெருங்கிவிட்டார்கள். உன் கடை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டிராம் போவதை ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று இவள் எழுதியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஜன்னல் ஓரத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். கீழே, "இது உன் நாற்காலி. வேறு யாரையும் உட்கார விடமாட்டேன்" என்று இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி, "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்றாள். "ரெண்டு மாசம் அவ கடையில கூட மாட இருந்து வேலை கத்துக்கிட்டு வரேங்க. நீங்களும் வாங்களேன்."

எனக்கு லீவு கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். போய்விட்டு வா என்றேன். கோபப்படவில்லை, தடுக்கவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் அவளை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அவள் அக்காவைக் கேட்டால் அவரே சொல்வார்.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு குப்பைமேட்டை நோக்கி நடக்கிறாள். புருஷன் என்ன செய்ய வேண்டும்? கையைப் பிடித்து இழுக்கலாம், அது மரியாதை இல்லை. கண்ணைத் திறந்துவிடலாம். நான் அதைத்தான் செய்தேன்.

நானும் அந்தக் குழுவில் சேர்ந்தேன். நான் சுகாதார ஆய்வாளன் என்றும், நகரங்களின் உண்மையான நிலையை ஓர் ஆவணமாகத் தொகுக்கிறேன் என்றும், அழுக்கையும் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பும்படியும் எழுதினேன். அவர்கள் நல்லவர்கள். வாரி வழங்கினார்கள். தங்கள் ஊர்ச் சாக்கடையைக் காட்டுவதில் மனிதர்களுக்கு இருக்கும் உற்சாகத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. மீன் சந்தையின் வடிகாலில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து மிதப்பது. ஓட்டல் மாவு மூட்டைக்குள்ளிருந்து தலை நீட்டும் எலி. பொதுக் கழிப்பறையின் சுவரில் காய்ந்த சளி, அதன் மேல் இன்னொருவருடைய சளி. பேருந்து இருக்கையின் தையலில் வரிசையாக மூட்டைப்பூச்சி, நசுங்கியதும் நசுங்காததும். ரயிலின் கைப்பிடி வளையத்தில் ஒட்டியிருந்த, யாருடையதென்று தெரியாத நகத்துண்டு.

முதலில் அவளுடைய கைபேசியை வாங்க வேண்டியிருந்தது. பறிக்கவில்லை. அதன் கண்ணாடியில் பஞ்சை ஒற்றி, எங்கள் சோதனைக்கூடத்தில் கொடுத்து, நான்கு நாள் கழித்து, அதிலிருந்த கிருமியை வளர்த்த சின்னக் கண்ணாடித் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மஞ்சளும் சாம்பலுமாகப் பூத்து, ஓரத்தில் கொழகொழப்பாக இருந்தது. "இதைத்தான் தினமும் கன்னத்தில் வைத்துப் பேசுகிறாய்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைபேசியை ஒரு காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்து, "நீங்களே வெச்சுக்குங்க. படத்தை உங்க போன்ல காட்டுங்க, போதும்" என்றாள். அவளாகத்தான் கொடுத்தாள்.

அதன் பிறகு காலைத் தேநீரோடு ஒரு படம். ஒன்றே ஒன்று, குழுவின் விதிப்படி. அழகான படங்களை நான் பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். மற்றதை ஊரும் நேரமும் சொல்லிக் காட்டுவேன். நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. எல்லாம் உண்மையான படங்கள், உண்மையான ஊர்கள்.

முதல் மாதம் அவள், "சீ, எடுங்க" என்று சிரித்தாள். இரண்டாவது மாதம் வேலையில் இரண்டு ஜோடி கையுறை போட ஆரம்பித்தாள். ஒரு வாடிக்கையாளரின் குதிகால் வெடிப்பைத் தேய்க்கும்போது உதிர்ந்த தோலைப் பார்த்துக் கடை வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். முதலாளியம்மா பத்து நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. மூன்றாவது மாதம் மாடிப்படிக் கைப்பிடியைத் தொடமாட்டாள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் விரல் ரேகைக் கருவியில் விரலை வைக்கச் சொல்வார்கள், அதில் தினமும் ஐந்நூறு பேர் வைத்திருப்பார்கள் என்று சொன்னேன். உண்மைதானே. அவள் போகவில்லை.

ஐந்தாவது மாதம் வீட்டு வாசல் கதவின் குமிழையும் தொடமாட்டாள் என்று ஆகிவிட்டது. நான் வெளியே போய் எதையெல்லாம் தொட்ட கையோடு அதைத் திருகிக்கொண்டு உள்ளே வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு நாற்பது தடவை கை கழுவினாள். புறங்கைத் தோல் வெடித்து, கணுக்களில் சிவப்பாக ஈரம் கசிந்தது. அதில் நான் மருந்து தடவுவேன். நான் கொதிக்க வைத்த தண்ணீரை மட்டும் குடிப்பாள், நான் வேக வைத்ததை மட்டும் தின்பாள், அதிலும் நான்கு வாய்தான். சாயங்காலம் நான் வரும்வரை கூடத்தின் நடுவில், சுவரில் சாயாமல் உட்கார்ந்திருப்பாள். நான் குளித்துவிட்டு வந்ததும் முகம் மலரும். கல்யாண வாழ்க்கையில் அதுதான் எங்களுக்கு நல்ல காலம் என்று நான் சொன்னால் உங்களுக்குப் புரியுமா, தெரியவில்லை. ஒருத்திக்கு உலகத்தில் சுத்தமான பொருள் ஒன்றே ஒன்று, அது நான்.

இடையில் அவள் அக்கா வந்தார். நாற்காலியில் உட்காரப் போனவரைப் பார்த்து இவள், "அதுல வேணாம்க்கா, நீ பஸ்ல வந்திருப்ப" என்றாள்.

"பஸ்ல வராம பறந்தா வருவாங்க? என்னடி ஆச்சு உனக்கு? எலும்பும் தோலுமா நிக்கற." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, டாக்டர்கிட்ட காட்டினீங்களா, இல்லையா?"

"காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. நரம்புத் தளர்ச்சி. ஓய்வு வேண்டும் என்கிறார்கள்."

"அப்படின்னா நான் கூட்டிட்டுப் போறேன். பத்து நாள் என் வீட்ல இருக்கட்டும். சண்டை போட ஆளில்லாம எனக்கும் வாய் நமநமங்குது."

என் மனைவி சிரித்தாள். பல வாரம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். சனிக்கிழமை வந்து அழைத்துப் போவதாக முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை நான் அந்தப் பேருந்து இருக்கைப் படத்தைக் காட்டினேன். அது எங்கள் ஊர்ப் பேருந்து இல்லைதான். ஆனால் பேருந்து பேருந்துதானே.

ஏழாவது மாதம் குழுவுக்கு ஆண்டுவிழா. அந்த வாரம் முழுக்க மகிழ்ச்சியான படம் மட்டும் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குத் தனியாகவும் யாரும் எதுவும் அனுப்பவில்லை. கையிருப்பும் தீர்ந்துவிட்டது. மூன்று நாள் அவளுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. முழங்கையால் தள்ளித் திறந்திருக்கிறாள். முகத்தில் வெயில்.

"என்னங்க, நாளைக்குக் கீழ கடை வரைக்கும் போய்ட்டு வரலாமா? நீங்க கதவைத் திறந்தா நான் வந்துடுவேன்னு தோணுது."

மறுநாள் விடிந்ததும் நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். மற்றவர்கள் கழுவவில்லை என்றால் நோட்டீஸ் கொடுக்கிறவன் நான். எங்கள் தொட்டியைக் கழுவி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அலுவலகத்திலேயே தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவதால் அது நினைவில் இல்லை. மூடியைத் திறந்தேன். உள்சுவரில் பச்சையாகப் பாசி, வழவழவென்று தாடிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பல்லி செத்து ஊறி, வயிறு உப்பி, வெளிறிப்போய் மேலே மிதந்தது. வால் தனியாக மிதந்தது. அதை நான் போடவில்லை, அது தானாக விழுந்தது. அதை ஒரு குச்சியால் விளிம்புக்குத் தள்ளி, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்தேன். மூடியை மறுபடி மூடினேன். கீழே வந்து அடுப்பில் அவளுக்குத் தண்ணீர் வைத்தேன்.

"இது ஒரு துறைமுக ஊர், அடுக்குமாடிக் குடியிருப்பு, காலை ஆறரை மணி" என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அருவருப்பில் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு விரலால் தொடாமல், மோவாயால் காட்டினாள்.

பல்லியின் பக்கத்தில், தொட்டியின் விளிம்பில், என் ஸ்கேல் இருந்தது. சிவப்பு நூலில் மூன்று முடிச்சு. பத்தொன்பது வருடப் பழக்கம். நான் வைத்தது எனக்கே தெரியவில்லை. மூன்று அங்குலம், வால் நீங்கலாக.

"இது நான் கட்டின நூல்" என்றாள்.

நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"நம்ம தொட்டியா?"

"ஆமாம்."

"மத்ததெல்லாம்?"

"மற்றதெல்லாம் உண்மை. இது ஒன்றுதான்." நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவள் அழவில்லை. எழுந்து போய், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு ஒரு பையில் நான்கு துணியை எடுத்து வைத்தாள். பையைக் கட்டும்போது உறைகள் கிழிந்துவிட்டன, அதுதான் கடைசி ஜோடி. அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசல் கதவின் முன்னால் வந்து நின்றாள். அப்போது மணி ஒன்பது இருக்கும். கதவு பூட்டியிருக்கவில்லை. தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். அந்த வீட்டில் நான் ஒரு நாளும் கதவைப் பூட்டியதில்லை. உருண்டையான பித்தளைக் குமிழ், ஒரு திருகு திருகினால் போதும்.

அவள் கையை நீட்டுவாள். ஒரு சாண் தூரத்தில் விரல்கள் சுருங்கிக்கொள்ளும். முந்தானையை எடுத்துக் கையில் சுற்றுவாள், அந்த முந்தானை பிறகு உடம்பில் படுமே என்று நினைவு வரும், விட்டுவிடுவாள். முழங்கையை வைத்துப் பார்த்தாள், உருண்டையில் வழுக்கியது. பட்ட இடத்தைப் போய்க் கழுவிவிட்டு வந்து மறுபடி நின்றாள். தொட்டித் தண்ணீரில்தான் கழுவுகிறோம் என்பது நடுவில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குழாயைத் திறந்து வைத்துவிட்டு, கையை நீட்டாமல் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு அவள் கழுவவில்லை. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"கதவை மட்டும் திறந்து விடுங்க" என்றாள் ஒருமுறை. "வேற எதுவும் கேக்கல."

"திறந்துதானே இருக்கிறது" என்றேன்.

மதியம் வரை நின்றாள். பிறகு கூடத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கொதிக்க வைத்த தண்ணீரை டம்ளரில் கொண்டுபோய் நீட்டினேன். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஒரு நாளைக்கு நான்கு முறை நீட்டினேன். ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டாள். இரண்டாம் நாள் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன். காலையில் துடைத்து வைத்த குமிழில் ஒரு ரேகைகூட இல்லை. அவளது உதடு காய்ந்து தோல் தோலாகப் பிரிந்திருந்தது. நாக்கில் வெள்ளையாகப் படிந்து, வாயிலிருந்து புளித்த வாடை வந்தது. அவளிடமிருந்து அப்படி ஒரு வாடை வரும் என்று நான் நினைத்ததில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியிருந்தது. அவள் அக்கா போனில் கேட்டபோது தூங்குகிறாள் என்றேன்.

நீங்கள் கேட்க வருவது தெரிகிறது. கீழே கடையில் பாட்டில் தண்ணீர் விற்கிறார்கள். பதினாறு படி இறங்கினால் போதும். மூடி உடைக்காத பாட்டிலாக இருந்தால் அவள் குடித்திருப்பாள், அதுவும் எனக்குத் தெரியும். குடித்தால் தெம்பு வரும். தெம்பு வந்தால் குமிழைத் திருகியிருப்பாள். இதை நான் மூன்று நாளும் நன்றாக யோசித்துத்தான் வாங்காமல் இருந்தேன். அவசரத்தில் செய்ததில்லை. ஏழு மாதமாக உடம்பில் ஒன்றும் இல்லாதவள் எத்தனை நாள் தாங்குவாள் என்பது என் படிப்பில் இருக்கிறது. ஆக, செய்தது நான்தான். இதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் இல்லை.

நான்காம் நாள் அவள் அக்கா வந்து குமிழைத் திருகினார். ஒரே திருகு. மற்றதை அவர் சொல்லியிருப்பார்.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவளுக்குக் குரல் ஏறக்குறைய இல்லை. குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"ரொட்டிக்கடைக்காரி ஏதாவது அனுப்பினாளா?"

ஒவ்வொரு ஞாயிறும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். நான் அழித்துக்கொண்டே வந்தேன். அந்த வாரப் படம் மட்டும் அழியாமல் இருந்தது. கடைசி நேரத்தில் கேட்கிறாளே என்று எடுத்துக் காட்டினேன். ஜன்னல், வெளியே பனி, மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு டிராம், ஜன்னல் ஓரத்தில் அதே மர நாற்காலி. இந்த முறை அதன் மேல் ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள்.

"இன்னும் போட்டு வெச்சிருக்காளே" என்றாள் என் மனைவி. முகம் மலர்ந்தது. நான் குளித்துவிட்டு வரும்போது மலர்கிற மாதிரி இல்லை, அதைவிட அதிகமாக மலர்ந்தது. வெடித்த கையை நீட்டி, ஏழு மாதத்தில் முதல் முறையாக, என் கைபேசியின் கண்ணாடியைத் தொட்டாள்.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். "பார், ஈ" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அது ஈதானா, மரத்தில் இருக்கும் கணுவா என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். சரிபார்க்காமல் எதையும் எழுதக்கூடாது என்பதுதான் எங்கள் வேலையில் முதல் விதி. எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.